சொச்சிமில்கோ ஏரியும் கண்ணாடித் தொட்டியும்

ஆக்சலாட்டில் மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளில் மட்டும் தோன்றிய ஓர் இருவாழ்வி. தவளைக்கும் தேரைக்கும் உறவான சலமாண்டர் இனத்தைச் சேர்ந்தது. மற்ற சலமாண்டர்கள் பல நீரில் பிறந்து, செவுளை இழந்து, நுரையீரலோடு கரையேறும். இது கரையேறுவதில்லை. தலையின் இருபுறமும் இறகு போல விரிந்த மும்மூன்று செவுள்களோடும், முதுகிலும் வாலிலும் ஓடும் துடுப்போடும், இளம்பருவ உடலோடேயே வளர்ந்து, இனம் பெருக்கி, நீரிலேயே வாழ்ந்து முடிகிறது. முழு வளர்ச்சியில் 20 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும்; நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். இழந்த காலையும் வாலையும் திரும்ப வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் கொண்டது. அந்த ஆற்றலைப் பார்த்து இதை எதையும் தாங்கும் பிராணி என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் நீரின் வெப்பம் சில டிகிரி கூடினாலே நோயுற்றுவிடும்.

அதற்குக் காரணம் பிறந்த இடம். சொச்சிமில்கோ, சால்கோ என்னும் இரண்டு ஏரிகளே இதன் தாயகம். இரண்டும் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், எரிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், நன்னீர் ஊற்றுகளால் நிரம்பியவை. நம் உதகமண்டலத்தின் உயரமும் அதே அளவுதான். அங்கே நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. குளிர்காலத்தில் 6, 7 டிகிரி வரை இறங்கும். நீர் மெல்ல நகரும், அடியில் மென்சேறு, நாணலும் நீர்ச்செடியும் வெளிச்சத்தை மறைக்கும், பெரிய மீன்கள் கிடையா. பாதுகாப்பான தொட்டி என்று இன்று சொல்லப்படுவது இந்த ஏரியின் குணங்களைக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் முயற்சியே. எந்தக் குணம் இன்றியமையாதது என்று கண்டறிய மனிதர்களுக்கு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்த ஏரிகளை மெக்சிகா மக்கள் அழிக்காமல் பயன்படுத்தினார்கள். ஆழமற்ற நீரில் சேற்றையும் செடிகொடிகளையும் அடுக்கிச் சினாம்பா என்னும் மேட்டு வயல்களை உண்டாக்கி, இடையிடையே கால்வாய் விட்டார்கள். ஆக்சலாட்டில் அந்தக் கால்வாய்களில் பெருகியது; அவர்களுக்கு உணவாகவும் மருந்தாகவும் ஆனது. 1521-இல் அவர்களுடைய தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தபின் வந்த ஸ்பானியர்களுக்கு ஏரி வெள்ளத்தின் மறுபெயராகவே தெரிந்தது. 1607-இல் உவேவேத்தோக்காவில் வடிகால் வெட்டத் தொடங்கினார்கள். நீரை வெளியேற்றும் அந்த வேலை 300 ஆண்டுகள் தொடர்ந்தது. சால்கோ ஏரி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வயலாக்கப்பட்டது. சொச்சிமில்கோவின் ஊற்றுகள் தலைநகரின் குடிநீருக்குத் திருப்பப்பட்டன. எஞ்சியது கால்வாய்களின் ஒரு வலைப்பின்னல் மட்டுமே.

ஐரோப்பியர் இந்தப் பிராணியை எழுத்தில் அறிந்தது 1570-களில். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1798-இல் லண்டனில் ஜார்ஜ் ஷா அறிவியல் பெயரிட்டார். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பயணத்திலிருந்து திரும்பிய அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இரண்டு உடல்களைப் பதப்படுத்திப் பாரிஸுக்குக் கொண்டுவந்து உடற்கூறியலாளர் ஜார்ஜ் குவியேயிடம் கொடுத்தார். குவியே அறுத்துப் பார்த்து, இது ஏதோ ஒரு சலமாண்டரின் இளம்பருவம் என்று கணித்தார். கணிப்பு சரிதான். ஆனால் வளர்ந்த வடிவத்தை எவரும் கண்டதில்லை. சாராயத்தில் கிடக்கும் உடல் அதற்கு விடை சொல்லாது. உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும்; உயிரோடு வைக்க ஒரு கலம் வேண்டும்.

அந்தக் கலம் உருவானது 19-ஆம் நூற்றாண்டில். சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ஜான் வில்பிரோ பவர், 1832-இல் கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று 1850-இல் எழுதினார். 1853-இல் லண்டன் விலங்கியல் தோட்டம் பொதுமக்களுக்கு மீன் மனையைத் திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகத்தைக் கிளப்பிவிட்டது. பாரிஸின் புலோன் காட்டில் 1860-இல் திறக்கப்பட்ட ஜார்தாங் தாக்ளிமதாசியோன் என்னும் தோட்டமும் விரைவிலேயே பெரிய மீன் தொட்டிகளை அமைத்தது. வெளிநாட்டு விலங்குகளையும் செடிகளையும் பிரான்சின் மண்ணுக்குப் பழக்குவதுதான் அந்தத் தோட்டத்தின் நோக்கம்.

ஆக்சலாட்டில் அங்கே வந்து சேர்ந்தது ஒரு படையெடுப்பின் பின்னால். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை 1862-இல் மெக்சிகோவுக்குள் புகுந்து, 1863 ஜூன் மாதம் தலைநகரைப் பிடித்தது. படையோடு சென்றவர்கள் அனுப்பிய பொருள்களில் 34 உயிருள்ள ஆக்சலாட்டில்களும் இருந்தன. அதே ஆண்டுகளில் காரைக்கால் அதே பேரரசின் ஒரு சிறு துறைமுகம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த அந்த ஊரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக ரியூனியனுக்கும் கரீபியத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோ செல்லும் பிரெஞ்சுப் படைக்கப்பல்கள் நிலக்கரிக்கும் நீருக்கும் தங்கிச் சென்றது மார்த்தினிக்கின் ஃபோர் த ஃப்ரான்ஸ் துறைமுகத்தில்தான். காவிரிக் கடைமடையின் உழவுக்கூலிகள் கரும்புத் தோட்டத்துக்கு இறங்கிய கரை அது. இந்தப் பிராணியின் வரலாற்றை எழுதும் ஐரோப்பிய நூல்கள் அந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழில் எழுதும்போது அவர்களை விட்டுவிட்டுக் கடந்து போக முடியாது.

34-இல் ஆறு, 1864 ஜனவரியில் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பேராசிரியர் ஒகுஸ்த் துமேரிலிடம் ஒப்படைக்கப்பட்டன. ஊர்வனவற்றுக்கும் மீன்களுக்கும் பொறுப்பாளர் அவர். ஓராண்டு கழித்து, 1865-இன் தொடக்கத்தில், அவை முட்டையிட்டன. குஞ்சுகள் வளர்ந்தன. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது: சில குஞ்சுகளின் செவுள்கள் சுருங்கின, துடுப்பு மறைந்தது, கருத்த தோலில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. நிலத்தில் வாழும் சலமாண்டராக அவை மாறிவிட்டன. பெற்றோரோ பக்கத்திலேயே பழைய உருவத்தில் நீந்திக்கொண்டிருந்தன. குவியேயின் கணிப்பு மெய்யானது. ஆனால் ஏன் சில மட்டும் மாறின என்பதைத் துமேரிலால் சொல்ல முடியவில்லை. செவுள்களை வெட்டிப் பார்த்தார். வெட்டியவை மீண்டும் வளர்ந்தன. புதிர் அவிழாவிட்டாலும், இந்தப் பிராணி தொட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் என்பது உறுதியாயிற்று. துமேரில் குஞ்சுகளை ஐரோப்பாவின் ஆய்வாளர்களுக்கெல்லாம் தாராளமாக அனுப்பினார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் இருக்கும் ஆக்சலாட்டில்களில் பெரும்பகுதி அந்தப் பாரிஸ் கூட்டத்தின் வழிவந்தது. ஆய்வுக்கூடத்தில் இத்தனை நெடுங்காலம் தொடர்ந்து வளர்க்கப்பட்ட வேறு விலங்கு இல்லை என்பார்கள்.

பாரிஸ் பிராணிகள் பிழைத்ததற்கு வானிலையும் உதவியது. வட பிரான்சின் கல் கட்டடங்களில் ஆண்டின் பெரும்பகுதி அறை நீர் 20 டிகிரிக்குக் கீழேயே இருக்கும். குளிர்விக்கும் பொறி தேவைப்படவில்லை. ஆகவே அந்தக் காலத்துக் குறிப்புகளில் வெப்பம் ஒரு பெரிய கவலையாக எழுதப்படவும் இல்லை. பின்னாளில் வெப்ப நாடுகளில் வளர்க்க முயன்றவர்கள் அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தார்கள்.

தொட்டியின் நீர்மட்டம் பற்றிய முதல் கறாரான பாடம் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலிருந்து வந்தது. அங்கே உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மனின் வேண்டுகோளின்பேரில் மாரி ஃபான் ஷோவின் என்ற பெண்மணி 1870-களில் சில குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, நீரை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, ஈரப்பாசி மேட்டுக்கு அவற்றை நகர்த்தினார். இரையைக் கையால் ஊட்டி, பொறுமையோடு கவனித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நிலவாழ் வடிவத்துக்கு மாற்றிக் காட்டினார். அவருடைய வெற்றி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. பிராணிக்கு அது கடும் சோதனை. வீட்டில் வளர்ப்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் படிப்பினை நேர் எதிரானது: நீர் குறையவிடக் கூடாது, பிராணி முழுதும் மூழ்கி நீந்தும் ஆழமாவது இருக்க வேண்டும், உருமாற்றத்தைத் தூண்டும் எதையும் செய்யக் கூடாது. 1913-இல் வில்லெம் லவுஃப்பெர்கரும் 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் கால்நடைகளின் தைராய்டு சுரப்பியை இரையாகக் கொடுத்து ஆக்சலாட்டிலை உருமாற்றினார்கள். செய்தித்தாள்கள் அதைப் பரபரப்பாக்கின. தானாக உருமாறுவது அரிது. தூண்டி மாற்றப்பட்டவற்றின் ஆயுள் பெரும்பாலும் குறுகிவிடுகிறது. இன்றும் அயோடின் கலந்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாடங்கள் வேகமாகச் சேர்ந்தன. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ரூஃபஸ் ஹம்ஃப்ரி 1957-இல் பெரிய ஆக்சலாட்டில் கூட்டமொன்றை நிறுவினார். 2005-இல் அது கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்து இன்றும் இயங்குகிறது. ஆயிரக்கணக்கில் வளர்க்கும்போது தவறுகளின் விளைவு உடனே தெரிந்துவிடும். ஒன்றாக விட்ட குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்றன. ஆகவே தனித்தனிக் கலம் என்ற விதி வந்தது. வெறும் மென்னீரில் செவுளும் தோலும் கெட்டன. ஆகவே யோகான்னஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர் கருக்களுக்காக வகுத்த உப்புக் கரைசலை நீர்த்துப் பயன்படுத்தும் பழக்கம் வந்தது. கடைகளில் இன்று காணும் பொன்னிறமும் ஹம்ஃப்ரியின் கைவேலை: 1962-இல் புலிச் சலமாண்டரின் வெளிறிய பெண் ஒன்றோடு இணைசேர்த்து அந்த மரபணுவை இந்த இனத்துக்குள் கொண்டுவந்தார். செல்லப்பிராணியாக விற்கப்படும் ஆக்சலாட்டிலில் வேற்றினக் கலப்பு உண்டு என்பதற்கு இது சான்று. வளர்த்ததைக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் இனம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற வாதம் எளிதில் நிற்காது என்பதற்கும்.

மெக்சிகோவிலேயே வேறொரு தொட்டி வரலாறும் உண்டு. பாட்ஸ்குவாரோ ஏரியில் ஆக்சலாட்டிலின் நெருங்கிய உறவான அச்சோக்கே வாழ்கிறது. துமேரிலின் பெயரையே அது தன் அறிவியல் பெயரில் தாங்கியிருக்கிறது. பாட்ஸ்குவாரோ ஊரின் டொமினிக்கன் கன்னியர் மடத்துச் சகோதரிகள் இருமல் பாகு தயாரிக்க இதைப் பயன்படுத்தி வந்தார்கள். ஏரியில் அது அருகியபோது மடத்துக்குள்ளேயே தொட்டிகள் வைத்து இனம் பெருக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த இனத்தைக் காக்கும் முக்கியமான வளர்ப்பகங்களில் அந்த மடமும் ஒன்று. குளிர்ந்த மலையூரும் அக்கறையும் அவர்களுக்குத் துணை.

தொட்டியின் பாதுகாப்பில் கண்ணுக்குத் தெரியாத பகுதி நீரின் வேதியியல். பிராணியின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா செவுளை எரிக்கும் நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார். ஆனால் வீட்டுத் தொட்டிகளுக்கு அந்த அறிவு வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை புதிய தொட்டியில் விட்ட உயிர்கள் இரண்டு மூன்று வாரத்தில் செத்ததற்கு ராசியைத்தான் குறை சொன்னார்கள். வாரிங்டன் கண்ட சமநிலையில் பாதிப் பங்கு செடிகளுடையதல்ல. கல்லிலும் மணலிலும் படிந்த இந்தப் பாக்டீரியாக்களுடையது. இன்றைய விதி இதிலிருந்து பிறந்தது: பிராணியை விடுமுன் வெறும் தொட்டியில் வடிகட்டியை ஓட்டி, சிறிது அம்மோனியா சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகும் நிலை வரும்வரை காத்திருப்பது. பொதுவாக 4 முதல் 8 வாரம் ஆகும். பாதுகாப்பான தொட்டி அமைப்பதில் இதைவிட முக்கியமான வேலை ஒன்றுதான் உண்டு, அது குளிர்.

இந்தியாவில் வாலுள்ள இருவாழ்விகள் டார்ஜிலிங் உள்ளிட்ட கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே இயற்கையாக உண்டு. தமிழ்க் கரையில் தவளையும் தேரையும்தான். ஆகவே ஆக்சலாட்டில் இங்கே முழுக்க முழுக்க வந்தேறி. ஆனால் நீருயிரைப் பிடித்துப் பார்த்து எழுதும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதிக் கடற்கரையிலுள்ள மீனவர் ஊர் மண்டபத்தூர். அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில், 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வைத்திருந்த தரங்கம்பாடி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் ப்ளோக்குக்கு அனுப்பினார். ப்ளோக் தம் பெரிய மீன் நூலில் அவற்றைப் படத்தோடு வெளியிட்டு, நம் கத்தாளை மீன் வகைக்கு ஜானின் நினைவாக ஜானியஸ் என்று பெயர் சூட்டினார். அதே ஊரில் டேனிஷ் சேவையில் இருந்த டால்டோர்ஃப் என்ற அதிகாரி, 1791 நவம்பரில் பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் தொற்றி ஏறுவதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு லண்டன் லின்னேயஸ் கழகத்தின் இதழில் 1797-இல் அச்சானது. அதை நம்புவதா வேண்டாமா என்று ஐரோப்பாவில் நெடுநாள் வாதிட்டார்கள். காவிரி டெல்டாவில் மழைநாளில் வயலோரம் அந்த மீன் நடந்து போவதைப் பார்த்தவர்களுக்கு வாதத்துக்கே இடமில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் உயிர்மீனைப் பொதுமக்கள் பார்க்கும் வழக்கம் தமிழகத்துக்கு வந்தது 1909-இல். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முன்முயற்சியில் மெரினா கடற்கரையோரம் திறக்கப்பட்ட சென்னைக் கடல்மீன் காட்சியகம் மக்களை ஈர்த்தது. பின்னர் மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. வீட்டுத் தொட்டிகள் பெருகியது அதற்கு வெகுகாலம் பின்பு. சென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் நாடறிந்த சந்தையாக வளர்ந்தது. அங்கிருந்து பாலித்தீன் பையில் நீரும் ஆக்சிஜனுமாக அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து எந்த ஊருக்கும் அனுப்பும் முறை நிலைத்தது. ஆக்சலாட்டில் இந்த வழியில்தான் டெல்டா ஊர்களை எட்டுகிறது. 2021-இல் மெக்சிகோ வெளியிட்ட புதிய 50 பேசோ நோட்டில் இதன் உருவம் வந்தது. அதே ஆண்டு மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டிலும் சேர்க்கப்பட்டது. சிரிப்பது போன்ற முகத்தைத் திரையில் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டதும் வாங்கிக் கொடுத்த பெற்றோரில் எத்தனை பேர் முதலில் தண்ணீரின் வெப்பத்தை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

மண்டபத்தூர் போன்ற ஊரில் அந்த அளவு கடுமையானது. காவிரிக் கடைமடைக் கரையில் ஆண்டின் எந்த மாதத்திலும் அறையில் வைத்த நீர் தானாக 18 டிகிரிக்கு இறங்காது. மார்கழி இரவிலும் காற்றே பெரும்பாலும் 20-க்கு மேல்தான். கத்திரி வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். ஆக்சலாட்டிலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி. 20 வரை தாங்கும். 24-க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் இரையை மறுக்கும், செவுள் சுருண்டு வாடும், வெண்பூஞ்சை பிடிக்கும், சாகும். காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. 18 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் 7.5 மட்டுமே. உடலின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கும் வெப்பத்தோடு ஏறுகிறது.

மின்விசிறியை நீரின்மேல் ஓடவிட்டுக் குளிர்விக்கும் முறை வறண்ட உள்நாட்டு ஊர்களில் மூன்று நான்கு டிகிரி தரும். கடற்காற்றில் ஈரம் நிறைந்த காரைக்கால் கரையில் நீர் ஆவியாவதே குறைவு, பயனும் குறைவு. பனிக்கட்டி இங்கே பழக்கமான பொருள்தான். மீனவர் ஊர்களில் பிடித்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்குவது அன்றாட வேலை. உயிருள்ள பிராணிக்கு அது ஒத்துவராது: ஐஸ் போடும்போது வெப்பம் சட்டென்று சரியும், கரைந்தபின் ஏறும், அந்த ஏற்ற இறக்கமே நோய்க்கு வித்து. ஆகவே கம்ப்ரசரோடு கூடிய சில்லர் ஒன்றே வழி. அறைக்கும் நீருக்கும் 12, 14 டிகிரி இடைவெளியை அது இரவும் பகலும் தாங்க வேண்டும் என்பதால், தொட்டியின் கொள்ளளவுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் திறனைவிட ஒரு படி பெரியதாக வாங்குவது நல்லது. இன்னொரு சிக்கல் உள்ளூருக்கே உரியது. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் கடலோர ஈரக்காற்று நீராய்ப் படிந்து வழிந்துகொண்டே இருக்கும். மரப்பலகை ஊறிக் கெடும், பிளக்கில் நீர் இறங்கும். முன்பக்கம் தவிர மற்ற பக்கங்களையும் அடியையும் தெர்மாகோல் தகட்டால் மூடுவதும், மின்கம்பியைத் தொட்டிக்குக் கீழே தொங்கி வளையும்படி விட்டு நீர் பிளக்கை எட்டாமல் பார்ப்பதும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் வைப்பதும் மனிதருக்கான பாதுகாப்பும்கூட.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டிய கரை இது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின் டெல்டா ஊர்கள் பல நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இன்வர்ட்டரில் சில மணி நேரம் சில்லரையும் காற்றுப் பம்பையும் ஓட்டலாம். நீண்ட மின்தடைக்கு, மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில் தொட்டி நீரையே ஊற்றிப் பிராணியை மாற்றி, உறைந்த நீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து மாற்றுவதே கைகொடுக்கும். ஐஸைத் திறந்தபடி நேரடியாக நீரில் போடக் கூடாது.

ஒரு பிராணிக்கு மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி போதுமானது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 127 லிட்டர்; கண்ணாடியும் சேர்த்துப் பார்த்தால் எடை 150 கிலோவைத் தொடும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். இது அடியில் நடக்கும் பிராணி. சில சமயம் துள்ளும், மூடி கட்டாயம். அடியில் கூழாங்கல் போடுவது கடைக்காரர்களின் வழக்கம். ஆக்சலாட்டில் வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சித் தின்கிறது. கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துக் கொல்லும். வெறும் கண்ணாடித் தரை, அல்லது ஒரு மில்லிமீட்டருக்கும் நுண்ணிய ஆற்றுமணல்: இரண்டில் ஒன்று. கடற்கரை மணல் வேண்டாம். உப்பும் கிளிஞ்சலும் கலந்தது. ஒளிந்துகொள்ள, பூச்சில்லாத மண்சட்டி ஒன்றை விளிம்பு தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். இதற்குக் கண்ணிமை கிடையாது. கூர்வெளிச்சம் துன்பம் தரும். வடிகட்டிக்குக் காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே ஏற்றது. வேகமான நீரோட்டம் செவுளை முன்னோக்கி மடித்து ஓயாத அலுப்பைத் தரும்.

நீரை எங்கிருந்து எடுப்பது என்பதும் இந்தக் கரையில் சிறு கேள்வியல்ல. கடலையொட்டிய ஆழ்குழாய்க் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். அது பருவத்துக்குப் பருவம் மாறும். குழாய் நீரில் பிளீச்சிங் பவுடரின் குளோரின் இருக்கும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் கலந்த மருந்தால் அதை நீக்க வேண்டும். ஆர்.ஓ. நீரை அப்படியே பயன்படுத்துவதும் தவறு. தாது உப்புகள் அறவே இல்லாத நீரை இந்தத் தோல் தாங்காது. pH 7.4 முதல் 7.6 வரை சிறப்பு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழ். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பத்துக்குக் குளிர்வித்த நீரால் மாற்ற வேண்டும். இரைக்கு மண்புழு மிகச் சிறந்தது. டெல்டாவில் அதற்குப் பஞ்சமில்லை, பூச்சிக்கொல்லி தெளித்த வயலிலிருந்து எடுக்காதவரை. மீன்களைத் துணைக்கு விடலாகாது. சிறியவை இரையாகும், பெரியவை செவுளைக் கொத்தும், கெளுத்தியின் முள் தொண்டையில் சிக்கும்.

சட்டமும் இப்போது தொட்டிக்குள் வந்திருக்கிறது. ஆக்சலாட்டில் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, இத்தகைய இனங்களை நான்காம் அட்டவணையில் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பிறப்பும் இறப்பும் கைமாற்றமும் தெரிவிக்கப்பட வேண்டும். ரசீதும் வந்த வழிக்கான சான்றும் இல்லாமல் விற்கும் கடையில் வாங்குவது சட்டப்படியும் அறத்தின்படியும் தவறு. வளர்க்க முடியாமல் போனாலும் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. இந்த வெப்பத்தில் அது சில நாளில் சாகும். அதன் நோய்க்கிருமிகள் நம் தவளைகளுக்குப் பரவக்கூடும்.

தொட்டிகளில் பெருகிய இந்த உயிர் தாயகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1970-களிலும் 80-களிலும் மக்களுக்கு மலிவான புரதம் கிடைக்கட்டும் என்று சொச்சிமில்கோவில் விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. நகரின் கழிவுநீர் மீதியைக் கெடுத்தது. 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று மதிப்பிடப்பட்டது 2003-இல் 1,000 ஆகவும் 2008-இல் 100 ஆகவும் 2014 வாக்கில் 36 ஆகவும் சுருங்கியது. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோவும் அவருடைய குழுவினரும் உழவர்களோடு சேர்ந்து சினாம்பாக் கால்வாய்களைத் தடுத்து, மீன் புகாத புகலிடங்களை அமைத்து வருகிறார்கள். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டில்கள் விடுவிக்கப்பட்டு, கண்காணிப்புக் காலம் முழுதும் பிழைத்திருந்ததை 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த இனத்தைக் காப்பது அந்தக் கால்வாய்களின் வேலை. வீட்டுத் தொட்டியின் வேலை உள்ளே இருக்கும் ஒரே ஒரு பிராணியை வதைக்காமல் வைத்திருப்பது.

அந்த வேலை காரைக்கால் கரையில் முடியாததல்ல. செலவு மிக்கது, ஓய்வில்லாதது. பிராணியின் விலை அதில் சிறு பங்கு. சில்லரும் அது தின்னும் மின்சாரமும் 15 ஆண்டுக் கடமையும்தான் உண்மையான விலை. அதற்கு வாய்ப்பில்லாத வீட்டில், இந்தக் கரையின் வெப்பத்துக்கே பிறந்த பனையேறிக் கெண்டையோ அயிரையோ குளிர்விக்கும் பொறி இல்லாமலே செழிப்பாக வாழும். பார்த்துக் கற்றுக்கொள்ள அவற்றிலும் ஏராளம் உண்டு. ஆக்சலாட்டிலே வேண்டும் என்பவர்கள் முதலில் தொட்டியையும் சில்லரையும் மட்டும் வாங்கி, மே மாதம் முழுதும் வெறும் நீரோடு ஓட்டிப் பார்க்கட்டும். அந்த ஒரு மாதம் வெப்பமானி 18 டிகிரியில் நிற்காத வீட்டில் இந்தப் பிராணியை வளர்க்கக் கூடாது.